நீல நீர் வெளுத்தால் கம்பெனி ஆகிவிடாது

பல்கலைக்கழக ஆய்வைச் சுற்றுச்சூழல் ஸ்டார்ட்அப் ஆக்க வரும் குழுக்களின் ஸ்லைடுகளை அடிக்கடி பார்க்கிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகள், இப்போது நல்ல வண்ணப் படங்களோடு திரும்ப வருகின்றன. சந்தையை விசாரி, கணக்கை ஒழுங்காக எழுது என்று சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த வெற்றி

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். சாயக்கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஒளிவினையூக்கி (ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொடி) என்று வருவார்கள். வரைபடத்தில் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் ஒளியை அதிகம் உறிஞ்சும் 664 நானோமீட்டர் உச்சி மளமளவென்று இறங்கியிருக்கும், அதாவது நிறம் போய்விட்டது. எந்த நீரில் சோதித்தீர்கள் என்று கேட்டால், காய்ச்சி வடித்த நீரில் ஒரு சிட்டிகை சாயம். பீக்கரை ஒட்டியே புற ஊதா விளக்கு.

சாயப்பட்டறைக் கழிவுநீர் அப்படியா இருக்கும்? பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பைக் கொட்டுவார்கள், சாயம் பிடிக்க சோடா உப்பு போடுவார்கள். கஞ்சியும் சோப்பும் கூடவே வரும். வினையூக்கி உண்டாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் (எதையும் சட்டென்று தாக்கும் துகள்) சாயத்தை மட்டும் தேடிப் போய்த் தாக்காது. அந்த உப்புகளிலிருந்து வரும் கார்பனேட்டும் குளோரைடும் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். அடர்ந்த நிறம் வெளிச்சத்தையே உள்ளே விடாது. வினையூக்கி, வழக்கமாகப் பயன்படும் டைட்டானியம் டை ஆக்சைடு என்றால் சுமார் 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளிதான், அதாவது புற ஊதாதான் உதவும். வெயிலில் புற ஊதாவின் பங்கு 5 சதவீதம் அளவுதான். ஆனாலும் 'சூரிய ஒளியில் இயங்கும்' என்று தலைப்பு வைக்கத் தயங்க மாட்டார்கள்.

அப்புறம், நிறம் போனால் அழுக்கும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூலக்கூறு துண்டுபட்டு, நிறமிழந்து, நீரிலேயே கிடக்கலாம்.

ஒரு குழு வெளுத்த நீரைப் பெருமையாகக் காட்டியபோது, சுத்திகரிப்பு நிலையப் பொறுப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சி.ஓ.டி. எவ்வளவு தம்பி? இந்த வினையூக்கிப் பொடியைத் திரும்ப எப்படிப் பிடிப்பீங்க?" என்றார். சி.ஓ.டி. என்பது நீரிலுள்ள அழுக்கை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. மானியப் பணத்தில் ரியாக்டரைக் கட்டி முடித்த பிறகுதான் நிஜக் கழிவுநீர் கேன் ஒன்று அவர்கள் ஆய்வகத்துக்கே வந்தது. உள்ளே போனது காபி நிறம், வெளியே வந்ததும் காபி நிறம்.

முதல் வாரத்திலேயே அந்த கேனை வாங்கியிருக்கலாம். ஒன்று போதாது, ஒவ்வொரு ஷிப்டிலும் சாயம் மாறும், வெவ்வேறு நாட்களில் பிடியுங்கள். சி.ஓ.டி.யையும் மொத்தக் கரிமக் கார்பனையும் அளந்து பாருங்கள். உங்கள் போட்டியாளர் இன்னொரு ஆய்வுக் கட்டுரை இல்லை. அழுக்கைத் திரட்டி அடியில் படியவைக்கும் பழைய சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும்தான்.

கார்பன் பிடிக்கும் பொருட்களிலும் இதே கதை. சுத்தமான சிலிண்டர் வாயுவில், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் அமீன் என்ற வேதிப்பொருள் அருமையாக வேலை செய்யும். நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு அதோடு ஒட்டிக்கொண்டால் லேசில் விலகாது.

ஆய்வேடும் வெளியீடுதான்

முன்பே வெளியான கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைப்பது கடினம். அதற்காகக் கட்டுரையை நிறுத்தி வைப்பவர்கள், பட்டத்துக்காக நூலகத்தில் சேரும் ஆய்வேட்டை மறந்துவிடுகிறார்கள். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியலிடப்பட்டிருந்த ஒரே ஓர் ஆய்வேட்டையே முந்தைய வெளியீடாக ஏற்று, 1986-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்தது சரி என்றது. சொந்த வெளியீட்டுக்கு அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் அதை நம்பி இறங்காதீர்கள்.

உரிமம்

கண்டுபிடிப்பைப் பயன்படுத்தும் உரிமத்தைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியைப் பதிவு செய்யும் முன்பே.

பேராசிரியரே தலைமை நிர்வாகி

வாரத்தில் ஒரு நாள் வருபவருக்கு அந்த நாற்காலி வேண்டாம்.

பீக்கரைப் பெரிதாக்கினால் ரியாக்டர்?

அதே வடிவத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு 8 மடங்கு ஆகும், சுவர்ப்பரப்பு 4 மடங்குதான் ஆகும். ஒளியும் வெப்பமும் சுவர் வழியே போய்வரும் அமைப்பு என்றால் இங்கேதான் அடி விழும். விளக்குகளைக் கூட்டிச் சமாளிப்போம் என்பார்கள். சரி, அப்படியானால் ஒரு கன மீட்டர் நீருக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்பதையும் அதே ஸ்லைடில் போடுங்கள். அது நிலக்கரி மின்சாரமாக இருந்தால் அதன் கார்பன் கணக்கும் கீழே வர வேண்டும்.