பேஸ்மென்ட்டில் பெட்ரோல் எஞ்ஜின்: உயிரைப் பறிக்கும் தவறுகள்

ஐப்பசி மழையில் வேலூர் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ பாதி கட்டிய பேஸ்மென்ட்டில் தண்ணீர் நின்றால், பெட்ரோல் பம்ப்பைத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஓரத்திலேயே வைத்துவிடுகிறார்கள். கேட்டால், "ஜன்னல் திறந்துதானே இருக்கு?" என்பார் மேஸ்திரி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 கிலோவாட் பெட்ரோல் எஞ்ஜின் மணிக்கு 1 கிலோ கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவைச் சாதாரணமாகக் கக்கும். 10 மீட்டர் நீளம், 6 அகலம், 3 உயரமுள்ள அறை அடைபட்டிருந்தால் கால் மணி நேரத்தில் 1,200 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 1,200 பங்கு விஷம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வகுத்த அளவு அது. முழு நாள் வேலைக்கு அதே அமைப்பு சொல்லும் 35 பிபிஎம்முக்குள் அடக்க, மணிக்குச் சுமார் 25,000 கனமீட்டர் வெளிக்காற்று வேண்டும். 12 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் இழுப்பது 2,000-ஐ ஒட்டித்தான். பெடஸ்டல் ஃபேனோ உள்ளே இருக்கும் விஷத்தையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

ஆகவே எஞ்ஜின் உள்ளே வரவே கூடாது. ஒரு தளப் பேஸ்மென்ட் 3, 4 மீட்டர் ஆழம்தான். பம்ப்பை மேலே தரையில் வைத்து சக்‌ஷன் ஹோஸை மட்டும் இறக்கினால் தாராளமாக இழுக்கும். இல்லையென்றால், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் இஎல்சிபி போட்ட லைனில், தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் கரண்ட் சப்மெர்சிபிள் பம்ப். கான்கிரீட் தளத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் பவர் ட்ரவல், கான்கிரீட் கட்டர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். டீசல் எஞ்ஜினில் இந்த வாயு குறைவு என்பதற்காக அதை உள்ளே இறக்குவதும் தவறு.

வெளியே வைப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். மாடிப்படிக்கு அடியில், லிஃப்ட் குழி ஓரத்தில், தார்ப்பாய் கட்டிய முகப்பில் ஜெனரேட்டர் நின்றால் புகை நேரே கட்டடத்துக்குள்தான் போகும். கதவு, ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாயை எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மார்கழிக் குளிருக்கு வாட்ச்மேன் அறைக்குள் கரி மூட்டுவதும் இதே விஷம்தான்.

என்95 மாஸ்க் தூசிக்கு, வாயுவுக்கு அல்ல. மூக்கையும் நம்பாதீர்கள், இதற்கு வாசனை கிடையாது. கார்பன் மோனாக்சைடு மீட்டரைச் சட்டைக் காலரில் மாட்டுங்கள். கேஸ் லீக் காட்டும் எல்பிஜி சென்சார் இதற்கு உதவாது.

தலைவலி, தலைசுற்றல், வாந்தி என்றால் பழி வேலூர் வெயில்மேல் போய்விடுகிறது. மோரைக் கொடுத்து மறுபடி உள்ளே அனுப்புகிறார்கள். ஒரே இடத்தில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் வந்தாலோ, வெளியே வந்ததும் தெளிந்தாலோ, முதலில் இந்த வாயுவைச் சந்தேகப்படுங்கள். ஒருவர் உள்ளே மயங்கிக் கிடந்தால், காப்பாற்ற அப்படியே பாய்கிறவர் பக்கத்திலேயே விழுவார். வெளியிலிருந்தபடியே 108-க்கும் தீயணைப்பு 101-க்கும் சொல்லுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் ஏமாறாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியதாகவே அது படிக்கும். ஆஸ்பத்திரியில் "எஞ்ஜின் புகையில் இருந்தார்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அதற்கான ரத்தப் பரிசோதனை நடக்கும். வெறும் காற்றில் ரத்தத்திலுள்ள விஷம் பாதியாக 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகும்.