உயர் ரத்த அழுத்த அவசரநிலை: இதயவியல் பிரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்த அழுத்தம் 180/120-ஐ (மேல் அழுத்தம் 180, கீழ் அழுத்தம் 120) தாண்டிய ஒரே காரணத்தால் நோயாளியின் உயிருக்கு ஆபத்து என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன. அந்த உயர்வால் மூளை, இதயம், சிறுநீரகம், விழித்திரை, மகாதமனி (இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாய்) ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அப்போதே பழுதாகிக்கொண்டிருந்தால்தான் அது அவசரநிலை. 210/120 இருந்தும் தொந்தரவு எதுவுமின்றி, ஈசிஜி, கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), விழித்திரை ஆகியவற்றில் புதிய மாற்றம் இல்லாதவருக்கு ஊசி மருந்து வேண்டியதில்லை. வாய்வழி மாத்திரையும் சில நாள்களில் மறுபரிசோதனையும் போதும். மறுபுறம், முன்பு உயர் ரத்த அழுத்தமே இல்லாதிருந்த கர்ப்பிணிக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே ஆபத்து நேரலாம்.

அளக்கும் முறையும் ஏமாற்றும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகவே காட்டும். கடும் வலி, பதற்றம், சிறுநீர் அடைப்பு ஆகியவையும் அழுத்தத்தை ஏற்றும். அப்போது அந்தக் காரணத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிபைன் மருந்துக் குமிழைக் (கேப்சூல்) குத்தி நாக்கின் அடியில் விடும் வழக்கம், 1990-களிலேயே கடும் எச்சரிக்கைக்கு உள்ளானது. அம்மருந்து நாக்கின் அடியில் அநேகமாக உறிஞ்சப்படுவதே இல்லை. விழுங்கப்பட்டு, குடல் வழியாகச் சேர்ந்து, அழுத்தத்தை எவ்வளவு சரிக்கும் என்று கணிக்க முடியாதபடி சரித்துவிடுகிறது. பக்கவாதமும் மாரடைப்பும் இதனால் நேர்ந்திருக்கின்றன. பல ஆண்டுகள் உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளையின் ரத்தக் குழாய்கள், திடீர் வீழ்ச்சிக்கு ஈடுகொடுத்து ரத்த ஓட்டத்தைக் காக்க முடியாதவை. எனவேதான் பொதுவாக முதல் ஒரு மணி நேரத்தில் சராசரி அழுத்தத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் குறைக்காமல், அடுத்த 2 முதல் 6 மணி நேரத்தில் 160/100 அளவுக்கும், பின்னர் 24 முதல் 48 மணி நேரத்தில் இயல்பு நிலைக்கும் கொண்டுவருகிறார்கள். உறவினர்கள் அவசரப்படுத்தினாலும் இந்த வேகத்தை மாற்றக் கூடாது.

மகாதமனியின் சுவர் கிழியும் மகாதமனிக் கிழிசலுக்கு இந்த நிதானம் பொருந்தாது. முதுகைக் கிழிப்பது போன்ற வலி திடீரெனத் தொடங்கினாலோ, இரு கைகளிலும் மேல் அழுத்தம் 20-க்கு மேல் வேறுபட்டாலோ கிழிசலைச் சந்தேகித்து உடனே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்நிலையில் மாரடைப்பு என்று கருதி ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்துவது உயிரைப் பறிக்கக்கூடிய பிழை. இங்கே மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழேயும் நாடித்துடிப்பை 60-ஐ ஒட்டியும் விரைவாகக் கொண்டுவர வேண்டும். எஸ்மலால் அல்லது லபெட்டலால் என்னும் பீட்டா தடுப்பானை (இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து) கொடுத்து நாடியைக் கட்டுப்படுத்திய பிறகே குழாய் விரிக்கும் மருந்து. வரிசை மாறினால் நாடி துள்ளி, கிழிசல் நீளும்.

அதே பீட்டா தடுப்பான், நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சுத்திணறும் நோயாளிக்குத் தீங்காகலாம். அவருக்குக் குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரினும் நீரை வெளியேற்றும் ஃபியூரோசிமைடும்தான் உதவும். ரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்திலோ, கட்டியைக் கரைக்கும் சிகிச்சை தராத நிலையில், 220/120 வரை அழுத்தத்தைத் தொடாமல் விடுவதே வழக்கம். அச்சிகிச்சை தருவதானால் முன்னதாக 185/110-க்குக் கீழே இறக்க வேண்டும்.

அழுத்தம் அடங்கியதும் காரணத்தைத் தேடாமல் வீட்டுக்கு அனுப்புவது மற்றொரு குறை. மாத்திரையை நிறுத்தினாரா, குறிப்பாக குளோனிடின் என்னும் ரத்த அழுத்த மருந்தைத் திடீரென விட்டாரா, மூட்டுவலிக்குத் தொடர்ந்து வலிமாத்திரை எடுக்கிறாரா என்று கேட்காமல் எழுதப்படும் சீட்டில், புதிதாக ஒரு மருந்து சேரும். பழைய காரணம் அப்படியே இருக்கும்.