சூப்பர் விசாவில் வருகிற பெற்றோர்களே, பெட்டி கட்டும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்

கருவூலத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். தேதி ஒத்துவரவில்லை, இணைப்பு இல்லை என்று அடுத்தவர் பில்லுக்கு ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்புவதே என் தொழில். ஓய்வுபெற்று, கனடாவின் டொராண்டோவில் மகன் வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே, என் மனைவியின் மருத்துவமனை பில்லை ஒரு காப்பீட்டு நிறுவனம் அதே தோரணையில் திருப்பி அனுப்பியது. இரண்டு பக்கக் கடிதம். ஆட்சேபணையில் ஒரு பிழைகூட இல்லை என்பதுதான் இன்றுவரை எரிகிறது.

விசா சமாச்சாரத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அதை எப்படியும் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பெற்றோரை நிரந்தரவாசிகளாக அழைத்துக்கொள்ளும் ஸ்பான்சர் திட்டம் ஒன்று உண்டு. ஆனால் அதில் இடம் கிடைப்பது குலுக்கல் சீட்டு. 2020இல் பெயர் கொடுத்து வைத்தவர்களிலிருந்தே 2025 வரை ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் நம்மில் பலர் வருவது, பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் என்று 2011 டிசம்பரில் தொடங்கிய வருகையாளர் விசாவான சூப்பர் விசாவில்தான். பத்து ஆண்டுகள் வரை பலமுறை போய்வரலாம். முன்பு ஒரு தடவை வந்தால் இரண்டு ஆண்டுதான் தங்கலாம். 2022 ஜூலையிலிருந்து அது ஐந்து ஆண்டு ஆகியிருக்கிறது. மகனோ மகளோ பேரப்பிள்ளையோ அழைப்புக் கடிதம் தந்து, குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற வருமானம் காட்ட வேண்டும். நாம் கனடா அரசு அங்கீகரித்த மருத்துவரிடம் உடற்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு, ஓராண்டுக்கு, மருத்துவக் காப்பீடு வேண்டும். விலை விசாரித்த தாளைக் காட்டினால் செல்லாது. பணம் கட்டியிருக்க வேண்டும், தவணை என்றால் முதல் தவணையாவது.

ஐந்து ஆண்டு என்றதும் ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. "கனடாவில் வைத்தியம் இலவசம்தானே" என்று என்னை வழியனுப்ப வந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் சொன்னார்கள். இலவசம்தான், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை, அதாவது ஓஹிப் அட்டை, கையில் இருப்பவருக்கு. சூப்பர் விசாவில் எத்தனை ஆண்டு இருந்தாலும் நாம் வருகையாளர்களே. நமக்கு அந்த அட்டை கிடையாது. மகன் வரி கட்டுகிறானே என்றால், கட்டுகிறான், அது அவனுக்கு. நம் ஓய்வூதியத்தில் மாதந்தோறும் பிடித்துக்கொள்ளும் மருத்துவக் காப்பீட்டு அட்டையை இங்கே வைத்துக்கொண்டு வீசிக்கொள்ளலாம், அதுவும் கோடையில். ஆகவே விசாவுக்காக எடுக்கிற அந்த ஒரு தனியார் பாலிசிதான் நமக்கு இருக்கிற ஒரே கூரை. அந்தக் கூரையில் எங்கே ஓட்டை இருந்தது என்று சொல்லவே இவ்வளவும்.

உடற்பரிசோதனைக்குப் போன அன்று என் மனைவிக்கு ரத்த அழுத்தம் 158க்கு 96 என்று காட்டியது. பதற்றம், வேறொன்றுமில்லை. "உங்கள் வழக்கமான டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்றார்கள். போனோம். பதினைந்து ஆண்டுகளாக எங்களைப் பார்ப்பவர், தங்கமான மனிதர். "தூரப் பயணம் போகிறீர்கள், குளிர் வேறு, கொஞ்சம் கூட்டி வைப்போம் அம்மா" என்று அம்லோடிபின் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார். புதுச் சீட்டுகூட எழுதவில்லை. பழைய சீட்டிலேயே 5ஐ அடித்து, மேலே 10 என்று எழுதி, ஓரத்தில் அன்றைய தேதியைப் போட்டார். நல்ல பழக்கம் என்று அப்போது மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அந்தத் தேதிக்கும் பாலிசி தொடங்கிய தேதிக்கும் இடையே 97 நாள். எங்கள் பாலிசி கேட்டது 180.

இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் காப்பீடு உண்டா என்று மகன் முகவரிடம் கேட்டிருக்கிறான். அவரும் தமிழர்தான், ஸ்கார்பரோவில் அலுவலகம். "உண்டு, கவலைப்படாதீர்கள்" என்றிருக்கிறார். பொய் இல்லை. "நிலையாக இருந்தால் உண்டு" என்பதில் பின்பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். நிலையாக இருப்பது என்றால் நோயாளி நன்றாக இருக்கிறார் என்று நீங்களும் நானும் நினைப்போம். பாலிசியின் அகராதியில் அதற்கு வேறு பொருள்: தொடங்கும் தேதிக்கு முந்தைய இத்தனை நாளில் புதிய அறிகுறி இல்லை, புதிய நோயென்று கண்டுபிடிக்கவில்லை, மருத்துவமனையில் சேரவில்லை, செய்யச் சொன்ன பரிசோதனை எதுவும் பாக்கி இல்லை, மருந்தில் மாற்றமே இல்லை. கூட்டினாலும் மாற்றம், குறைத்தாலும் மாற்றம், நிறுத்தினாலும் மாற்றம். சர்க்கரை இறங்கிவிட்டது என்று டாக்டர் மகிழ்ச்சியோடு ஒரு மாத்திரையை எடுத்துவிட்டாலும் அவர்கள் கணக்கில் நீங்கள் நிலையற்றவர். கம்பெனி பெயர் மாறி, அதே மருந்து அதே அளவில் இருந்தால் பல பாலிசிகள் விட்டுவிடுகின்றன. இன்சுலின் அளவை அவ்வப்போது சரிசெய்வதற்கும் சிலவற்றில் விலக்கு உண்டு. நாள் கணக்கு ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது மாறும்: 90, 120, 180. மலிவான சில பாலிசிகளில் பழைய நோய் என்றாலே ஒன்றும் கிடையாது, நிலையாவது மண்ணாவது.

பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, இவள் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை பிளக்கிறது என்றாள். பேச்சு கொஞ்சம் குழறியது. மருமகள் அவசர உதவி எண் 911ஐ அழைத்தாள். வந்தவர்கள் அளந்தபோது 214க்கு 112. இரண்டு இரவு மருத்துவமனை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள். நல்லவேளை, பக்கவாதம் இல்லை. கவனிப்பில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். இரவு நேர நர்ஸ் ஒருத்தி, மொழி தெரியாத இவளுக்குச் சைகையிலேயே கதை சொல்லிச் சிரிக்கவைத்தாள். பிறகு பில் வந்தது: 11,000 டாலருக்கு மேல், ஆம்புலன்ஸுக்குத் தனியாக 240. அதை ரூபாயில் பெருக்காதீர்கள் என்று மகன் சொன்னான். நான் அதற்குள் பெருக்கிவிட்டேன்.

காப்பீட்டு நிறுவனம் உடனே மறுக்கவில்லை. ஊர் டாக்டரிடமிருந்து கடந்த ஓராண்டுச் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டது. அனுப்பியது நான்தான், அந்தச் சீட்டின் நகலோடு, ஒரு தாளும் விடாமல், வரிசை எண் போட்டு. பழக்கதோஷம். அந்த அடித்தலையும் ஓரத்துத் தேதியையும் மேற்கோள் காட்டித்தான் மறுப்புக் கடிதம் வந்தது.

இதைக் கேட்டு ஒரு நண்பர், "அந்தச் சீட்டை ஏன் ஐயா அனுப்பினீர்கள்?" என்றார். அந்த யோசனை உங்களுக்கு வேண்டாம். விண்ணப்பத்தில் மருத்துவக் கேள்விகளுக்குப் பொய்யாக ஒரு பதில் எழுதினாலும் பாலிசி முழுவதையும் செல்லாததாக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. பிறகு காலில் அடிபட்டால்கூடப் பணம் வராது.

மருந்தை மாற்றவேண்டிய நேரத்தில் மாற்றாதீர்கள் என்றும் நான் சொல்லவில்லை. உயிர் முக்கியம். டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள் என்கிறேன். கிளம்புவதற்கு ஏழெட்டு மாதம் முன்பே டாக்டரிடம் போய், செய்யவேண்டிய பரிசோதனைகள் எல்லாவற்றையும் முடித்து, மருந்துகளை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு முகவரிடம் கேட்கவேண்டிய கேள்வி "பழைய நோய் அடங்குமா" அல்ல. "நிலையான நோய் என்பதற்கு இந்தப் பாலிசியில் என்ன விளக்கம், எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவீர்கள்" என்பது. முகம் சுளித்தால் வேறு முகவரைப் பாருங்கள். மருந்து மாறியே ஆகவேண்டும் என்றால் குறைந்த நாள் கேட்கும் பாலிசியைத் தேடுங்கள், பிரீமியம் கூடினாலும் சரி. அவசரத்தில் அழைக்கவேண்டிய எண் உள்ள அட்டையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். மருத்துவமனைக்குப் போனால் கூடிய சீக்கிரம் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்களுடையது சூட்கேஸின் உள்ஜிப்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

மாத்திரைகளைக் கொண்டுவரும்போது 90 நாளுக்குமேல் வேண்டாம். மாத்திரை அட்டையோடு, மருந்துச் சீட்டோடு இருக்கட்டும்.

ஸ்பான்சர் குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்துவிட்டது என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, கதையே வேறு. ஓஹிப் அட்டை வரும், 65 வயதானால் மருந்துச் செலவிலும் மாகாணம் பெரும்பங்கு ஏற்கும். ஆனால் அதிலும் நாள் கணக்கு உண்டு: அட்டை நிலைக்க எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாளாவது ஒன்டாரியோவில் இருக்க வேண்டும், நிரந்தரவாசி உரிமை நிலைக்க ஐந்து ஆண்டில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். பேத்தி சடங்கு, கோயில் கொடை, நிலத்தகராறு என்று ஊரிலேயே தங்கிவிடுகிறவர்கள் நாட்குறிப்பு எழுதி வையுங்கள். பிள்ளைக்கும் இது விளையாட்டல்ல. பெற்றோருக்கு 20 ஆண்டு பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறான். கியூபெக்கில் மட்டும் பத்து.

எங்கள் பில்லை மருத்துவமனை தவணையாக்கித் தந்தது. ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொண்ட என் கம்யூட்டேஷன் பணத்திலிருந்து தருகிறேன் என்றேன். "அப்பா, இதைப் பற்றி இனிப் பேசாதீர்கள்" என்று மகன் எழுந்து போய்விட்டான். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அவன் கைப்பேசி ஒலிக்கும்போது நான் பேத்தியின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது இவளை அருகிலுள்ள ஒரு சமூக சுகாதார மையத்தில் பார்க்கிறார்கள். இத்தகைய மையங்கள் ஓஹிப் அட்டை இல்லாதவர்களையும் ஏற்கின்றன. காத்திருப்புப் பட்டியல் நீளம், இருந்தாலும் பெயர் கொடுத்து வையுங்கள். ஜனவரியில் அடுத்த பாலிசி தொடங்குகிறது. புதுப்பித்தல் என்று பெயர், கணக்கெல்லாம் முதலிலிருந்து. அந்த மையத்தில் கடைசியாக மாத்திரை மாற்றிய நாளிலிருந்து இவள் சமையலறை நாள்காட்டியில் தினமும் பென்சிலால் எண் போட்டு வருகிறாள். இன்று காலை 131 போட்டாள்.