கறுப்பு நாயை வாட்டர்கலரில் வரைய, கறுப்பு டியூபை மூடி வையுங்கள்

டியூபில் வரும் கறுப்பைப் பூசினால் நாய் முகம் தட்டையான மைக்கறை ஆகிவிடும். வெளிச்சம் பட்ட கறுப்பு ரோமத்தை உற்றுப் பாருங்கள்: நெற்றியில் நீலச் சாம்பல், காதோரத்தில் பழுப்பு. அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் இரண்டையும் தரும். தண்ணீர் குறைத்துக் கெட்டியாகக் கலந்தால் கறுப்பே கிடைக்கும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது), முழுப் பருத்தி. சிக்கனம் பிடிப்பதானால் பிரஷில் பிடியுங்கள். மட்டமான தாளில் இரண்டாம் பூச்சு போடும்போது முதல் பூச்சு கிளம்பி வந்துவிடும். கூர்முனை உள்ள உருண்டை பிரஷ் 8, 2 எண்களில் ஒவ்வொன்று போதும்.

தாளைப் பலகையில் டேப் ஒட்டி, ஹெச்பி பென்சிலால் அழுத்தாமல் வரையுங்கள். கண்ணின் ஒளிப்புள்ளியில், நிறம் ஒட்டாமல் தாளைக் காக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் ஒரு பொட்டு. அதை ஹேர் டிரையரால் காயவைத்தால் தாளோடு பிடித்துக்கொள்ளும், உரிக்கும்போது தாளும் உரியும்.

கண்ணை முதலில் முடியுங்கள். கெட்டுப்போனால் வேறு தாள் எடுக்கலாம், அதிகம் வீணாகியிருக்காது. விழிக்குப் பழுப்பு; மேலிமையின் நிழல் விழுவதால் மேல்பாதி அடர்த்தியாக இருக்கட்டும். நடுவில் உள்ள கறுப்புக் கண்மணி, அது காய்ந்த பிறகு.

அடுத்து முகம் முழுக்க நீலம் தூக்கலான நீர்த்த பூச்சு. மூக்கின் மேல் மினுங்கும் இடத்தில் வெறும் தாளை விட்டுவிடுங்கள். காய்ந்தால் நிறம் வெளிறும், ஆகவே நினைத்ததைவிட ஒரு படி அடர்த்தியாகவே பூசலாம்.

பலரும் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த அடுக்கில். பலகையைச் சாய்த்துத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் பளபளத்தால் இப்போது இழுக்கும் ரோமம் கரைந்து காணாமல் போகும். பளபளப்பு அடங்கி, பட்டுத்துணி போல மங்கலாக மினுங்கும்போது இழுத்தால்தான் ஓரம் மென்மையாக நிற்கும். அப்போதும் பிரஷ் தாளைவிட ஈரமாக இருக்கக்கூடாது. அதிகத் தண்ணீர் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃப்ளவர் போலத் திட்டு விடும். ஒவ்வொரு முறையும் பிரஷை டிஷ்யூவில் ஒற்றிவிட்டுத் தொடுங்கள். திட்டு விழுந்துவிட்டால் நோண்டாதீர்கள். நன்றாகக் காயட்டும், கறுப்பு நாயில் அடுத்த அடுக்கு அதை மூடிவிடும்.

கடைசியாக, காய்ந்த தாளில் 2 எண் பிரஷால் முடிகள். முடி வளரும் திசையில் இழுத்து, முனையில் பிரஷைத் தூக்குங்கள். ஒளியும் நிழலும் சந்திக்கும் ஓரங்களில் மட்டும். முகமெங்கும் முடி போட்டால் துடைப்பம்தான். வெளிச்சம் பட்ட மீசை முடிக்கு வெள்ளை குவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) நல்லது, மாஸ்கிங் ஃப்ளூயிடில் அது கயிறு போலத் தடித்துவிடும்.

டேப்பை முழுக்கக் காய்ந்த பிறகே, படத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள்.