பான் ஜியோக் அருவிக்குப் போறீங்களா? ராத்தங்கலை மாத்துங்க

வியட்நாமின் காவ் பாங் மாகாணத்தில் பான் ஜியோக் அருவி பார்க்கப் போகிறவர்கள், காவ் பாங் நகரில் அறை எடுக்காமல் அருவிக்குப் பக்கத்தில் உள்ள குவோய் கி கிராமத்தில் தங்குங்கள். நகரிலிருந்து அருவி ஏறக்குறைய 90 கி.மீ.; மலைப்பாதை என்பதால் போக வர அரை நாள் சாலையிலேயே கழியும். கிராமத்தில் தங்கினால், சுற்றுலா வண்டிகள் வந்து சேரும் முன்பே காலையில் அருவியைப் பார்த்துவிடலாம். ங்குவோம் ங்காவ் குகையும் பக்கத்திலேயே. போதாதற்கு, தாய் (Tày) எனும் சிறுபான்மை இன மக்களின் கல் வீடுகளிலேயே தங்கலாம். நட்சத்திர ஓட்டல் வசதியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அன்றிரவே ஹனோய்க்குப் பேருந்து பிடிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை தண்ணீர் மெலிந்திருக்கும், அருவிக்காக மட்டும் அப்போது போக வேண்டாம். செப்டம்பர், அக்டோபர்தான் சரி.