கவுன்சிலர்மீது புகார் எழுத உட்காரும் முன்

மலேசியாவின் பினாங்கில், எங்கள் அடுக்குமாடியின் கீழே ஆப்பக்கடை போட்டிருக்கும் அக்கா ஓர் இரவு நான்கு பக்கக் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவள். அக்கம்பக்கத்தில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். அன்று காலை ஏழு மணிக்கு, வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போதே, எங்கள் பகுதிக் கவுன்சிலர் அக்காவிடம் சத்தம் போட்டிருக்கிறார். லைசன்ஸ் புதுப்பிப்பது பற்றி அக்கா கேட்டதற்கு, "முதலில் என்னை வந்து பார்" என்று விரலை நீட்டிச் சொல்லியிருக்கிறார்.

நான்கு பக்கத்தில் இந்தச் சம்பவம் ஆறு வரிதான் இருந்தது. மீதியெல்லாம் கவுன்சிலருடைய கார், அவர் தம்பி எடுத்த குத்தகை, எப்போதோ நடந்த கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மாலை விழுந்தது என்ற கதை. அக்காவின் கோபத்தில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்தக் கடிதம் அப்படியே போயிருந்தால், படிக்கும் அதிகாரி பழைய பகை என்று ஓரமாக வைத்திருப்பார். அதை ஒரு பக்கமாக்க எங்களுக்கு மூன்று இரவுகள் பிடித்தன.

முதலில், அவர் உண்மையிலேயே கவுன்சிலர்தானா என்று பாருங்கள். சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளரையும், கிராமத் தலைவரையும், மாநகர் கழக (மாநகராட்சி) அமலாக்க அதிகாரியையும் நம் மக்கள் "கவுன்சிலர்" என்றே சொல்லிவிடுகிறார்கள். பினாங்கில் தீவுக்கு ஒரு மாநகர் கழகம், பெருநிலத்தில் உள்ள செபராங் பிறைக்கு ஒரு மாநகர் கழகம். இரண்டின் இணையத்தளத்திலும் உறுப்பினர்களின் பெயர் இருக்கிறது. அதில் இருப்பதுபோலவே பெயரை எழுதுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே கவுன்சிலர்களே கிடையாது; டத்தோ பண்டார் என்ற மேயரும் அவருக்கு ஆலோசனைக் குழுவும்தான்.

அடுத்தது, அவரை அந்த நாற்காலியில் அமர்த்தியவர் யார் என்பது. நாம் வாக்களித்து அமர்த்தவில்லை. 1957இல் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் மாநகரான போது அதன் முதல் மேயராக வந்தவர் நம் டி.எஸ். இராமநாதன்; பள்ளி ஆசிரியராக இருந்தவர். அன்று நகர மன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிலையாக்கிவிட்டது. ஒரு மன்றத்தில் 8 முதல் 24 உறுப்பினர்கள் இருக்கலாம். மாநில அரசு நியமிக்கும். பதவிக்காலம் ஒரு தடவைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் போகாது. இடையில் நியமனத்தைத் திரும்பப் பெறவும் மாநில அரசால் முடியும். ஆகவே மேயருக்கு மட்டும் எழுதினால் போதாது. உள்ளாட்சிக்குப் பொறுப்பான மாநில ஆட்சிக்குழு உறுப்பினருக்கும், முதலமைச்சர் அலுவலகத்துக்கும் நகல் போக வேண்டும். ஒரு கட்சி அவரை முன்மொழிந்திருந்தால் அந்தக் கட்சியின் மாநிலச் செயலாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மறுநியமனப் பட்டியல் தயாராகும்போது அந்தத் தாள் பேசும்.

இப்போது கடினமான பகுதி. நடந்தது என்ன வகைத் தவறு? மரியாதைக் குறைவா, கடமையைச் செய்யாததா, இலஞ்சமா? இலஞ்சம் கேட்டார், தன் பதவியைக் காட்டித் தன் குடும்பத்துக்கு ஆதாயம் தேடினார் என்றால் அது மாநகர் கழகத்தின் வேலையே இல்லை. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையத்துக்கு நேராகப் போக வேண்டும், தொலைபேசி 1-800-88-6000. புகார் கொடுத்தவரின் பெயரை ஆணையம் இரகசியமாக வைத்திருக்கும். 2010ஆம் ஆண்டுத் தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அமலாக்க அமைப்பிடம் சொல்பவருக்குத்தான். வாட்ஸ்அப் குழுவில் சொல்பவருக்கு இல்லை. பொய்யென்று தெரிந்தே புகார் கொடுப்பது குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

"என்னை வந்து பார்" என்றால் காசு கேட்பதுதானே என்று அக்கா அடித்துச் சொன்னார். இருக்கலாம். ஆனால் கவுன்சிலர் காசு என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொல்லாததை நாம் எழுதினால், சொன்னதும் பொய்யாகிவிடும். இதற்காக அன்று ஒரு மணி நேரம் வாதாடினோம். கடைசியில் அதை நடத்தை பற்றிய புகாராகவே எழுதினோம். தம்பியின் குத்தகையை முழுதாக எடுத்துவிட்டோம். அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட எங்களிடம் இல்லை.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். மேசைக்கு மேசை நகர அதுதான் எளிது. முதல் பத்தியில் தேதி, நேரம், இடம், அவர் பெயர். இரண்டாம் பத்தியில் நடந்தது, நடந்த வரிசையிலேயே. மூன்றாம் பத்தியில் நேரில் பார்த்த இருவரின் பெயர், அவர்களின் சம்மதத்தோடு. கடைசியில் நீங்கள் கேட்பது என்ன என்று ஒரே வரி. "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று விட்டுவிடாதீர்கள். "அவரிடம் விளக்கம் கேட்டு, எனக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்" என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள்: அவர் வாயிலிருந்து வந்த சொல். "பார்" என்பதை மலாயில் போட்டால் அதிலுள்ள அவமதிப்பு காணாமல் போய்விடும். சாதாரணமாகச் சந்திக்க அழைத்ததுபோல் ஆகிவிடும். அந்தத் தமிழ் வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, அதன் கீழே, சிறு பிள்ளையிடம் பேசும் ஒருமையில் 58 வயதுப் பெண்ணிடம், பத்துப் பேர் முன்னிலையில் சொல்லப்பட்டது என்று மலாயில் விளக்கம் சேர்த்தேன். அந்தக் கடிதத்தில் உயிர் அந்த இரண்டு வரியில்தான் இருந்தது.

அடையாள அட்டை எண், முகவரி, கையொப்பம் எல்லாம் இருக்கட்டும். பெயரில்லாக் கடிதத்துக்குப் பதில் அனுப்ப யாராலும் முடியாது. மூலக்கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு பெறப்பட்டதற்கான முத்திரை வாங்குங்கள். மற்றவற்றைப் பதிவுத் தபாலில் அனுப்பி இரசீதை நகலோடு தைத்து வையுங்கள். முகநூலில் போட வேண்டாம். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு உரிய அதிகாரியிடம் தரும் புகாருக்குச் சட்டம் தரும் காப்பு, ஊருக்கெல்லாம் பரப்பும் பதிவுக்குக் கிடைக்காது.

பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு நான்கு வரி நினைவூட்டல் போதும். புதிய குற்றச்சாட்டு எதையும் அதில் சேர்க்காதீர்கள். அதன் பிறகும் அமைதி என்றால் அரசின் பொதுப் புகார்ப் பிரிவு இருக்கிறது, உங்கள் சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார். பினாங்கில் 2010ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டமும் இருப்பதால், மாநில அமைப்புகளிடம் உள்ள ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

எங்களுக்கு நினைவூட்டல் அனுப்பிய பிறகுதான் அழைப்பு வந்தது. நான் கூடப் போனேன். அதிகாரி அந்தத் தமிழ் வரியைக் காட்டி, சத்தமாகப் படிக்கச் சொன்னார். அக்கா படித்தார், குரல் உடைந்தது. அந்த மாதமே யாரையும் போய்ப் பார்க்காமல் முகப்பில் கட்டணம் கட்டி லைசன்ஸைப் புதுப்பித்துக்கொண்டார். கவுன்சிலர் இன்னும் பதவியில்தான் இருக்கிறார். போன வாரம் கடைக்கு வந்து, "இரண்டு ஆப்பம் கொடுங்கள், அக்கா" என்றாராம்.