மின் அபாய மதிப்பீட்டையும் பேனல் எச்சரிக்கை லேபிள்களையும் காலாவதியாகாமல் பராமரிப்பது எப்படி?

மின் பேனலின் கதவில் ஒட்டப்பட்டிருக்கும் எச்சரிக்கை லேபிள் என்பது, ஆர்க் ஃபிளாஷ் எனப்படும் மின்வில் வெடிப்பு நிகழ்ந்தால் அருகில் இருப்பவர் மீது எவ்வளவு வெப்பம் படும் என்ற கணக்கின் விடை மட்டுமே. கணக்கில் இடப்பட்ட எண்கள் மாறிவிட்டால், லேபிள் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அதை நம்பிப் பாதுகாப்பு உடை அணிபவர் தவறான உடையையே அணிவார். ஆகவே புதுப்பிக்கும் வேலையை லேபிளிலிருந்து தொடங்காமல், அதற்கு மூலமான, மின் அமைப்பின் இணைப்புகளை ஒற்றைக் கோடுகளால் காட்டும் ஒற்றைக்கோட்டு வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மின்சாரம் உள்ளே வரும் இடத்திலிருந்து கடைசிப் பேனல் வரை நடந்து சென்று ஒப்பிட்டுப் பாருங்கள். மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் உள்ள திறனும் மின்மறுப்புச் சதவீதமும் (மின்னோட்டத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு), கேபிளின் அளவும் நீளமும், ஃபியூஸின் வகையும், பிரேக்கரின் மாடலும், எப்போது துண்டிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதன் டிரிப் யூனிட்டில் இப்போது வைக்கப்பட்டிருக்கும் செட்டிங்கும் வரைபடத்துடன் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். செட்டிங்கைக் கோப்பிலிருந்து எடுத்து எழுதக் கூடாது. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாரோ ஒரு நாள் திருப்பிவைத்த டயல் எந்தக் கோப்பிலும் பதிவாகியிருக்காது. மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய விவரங்களை, திட்டமிட்ட மின்தடையின்போது மின்சாரம் இல்லை என்று சோதித்து உறுதிசெய்த பிறகே எடுக்க வேண்டும். மின் விநியோக நிறுவனத்திடமிருந்து அதிகபட்ச, குறைந்தபட்ச குறுக்குச்சுற்று மின்னோட்ட மதிப்புகள் இரண்டையும், தேதியிட்ட கடிதமாகக் கேட்டுப் பெறுங்கள்.

குறைந்தபட்ச மதிப்பு எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. குறுக்குச்சுற்று மின்னோட்டம் குறைந்தால் அபாயமும் குறையும் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் ஆர்க் ஃபிளாஷ் விஷயத்தில் அது பல நேரம் தவறாகிவிடுகிறது. மின்வில்லிலிருந்து உடலின் மீது படும் வெப்ப ஆற்றல், மின்னோட்டத்தைப் போலவே, பிரேக்கர் அதைத் துண்டிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சார்ந்தது. மின்னோட்டம் பாதியாகக் குறைந்ததால் பிரேக்கர் தாமதமின்றித் துண்டிக்கும் உடனடி டிரிப் எல்லையை எட்டாமல், துண்டிக்கும் நேரம் 0.05 விநாடியிலிருந்து 0.5 விநாடியாக நீண்டது என்று வைத்துக்கொண்டால், ஆற்றல் குறைவதற்குப் பதில் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. எனவே இரண்டு நிலைகளுக்கும் கணக்கிட்டு, மோசமான விடையையே லேபிளில் இட வேண்டும்.

எதிர்த்திசை மாற்றமும் சிறியதல்ல. 400 வோல்ட் பக்கத்தில், 5 சதவீத மின்மறுப்புள்ள 1000 கேவிஏ மின்மாற்றி தரக்கூடிய குறுக்குச்சுற்று மின்னோட்டம் ஏறக்குறைய 29 கிலோ ஆம்பியர். அதன் இடத்தில் 6 சதவீத மின்மறுப்புள்ள 1600 கேவிஏ மின்மாற்றியை வைத்தால் அது 38 கிலோ ஆம்பியரைத் தாண்டும். அப்போது லேபிளை மட்டுமல்ல, பழைய பிரேக்கர்கள் அந்த மின்னோட்டத்தைத் துண்டிக்கும் திறன் கொண்டவையா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்கத் தர நெறியான என்எஃப்பிஏ 70இ, ஆர்க் ஃபிளாஷ் மதிப்பீட்டை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. இதை ஐந்து ஆண்டுகள் கவலையின்றி இருக்கலாம் என்று படிப்பவர்கள் உண்டு. விடையைப் பாதிக்கக்கூடிய மாற்றம் நிகழ்ந்தால் அப்போதே புதுப்பிக்க வேண்டும் என்பதும் அதே நெறிதான். பெரிய மோட்டார்கள், ஜெனரேட்டர் அல்லது சூரிய மின் அமைப்பு சேர்ப்பது, ஃபியூஸ் வகையை மாற்றுவது, பிரேக்கருக்குத் துண்டிக்க ஆணையிடும் ரிலேயின் செட்டிங்கை மாற்றுவது, இரு மின்பட்டைப் பிரிவுகளை இணைக்கும், வழக்கமாகத் திறந்திருக்கும் பஸ் கப்ளரை மூடி இயக்குவது ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். ஆர்க் ஃபிளாஷ் கணக்கிடும் முறையைத் தரும் ஐஇஇஇ 1584 நெறியின் 2002 பதிப்பின்படி செய்த கணக்கு இன்னும் புழக்கத்தில் இருந்தால் அதையும் மீண்டும் செய்வது நல்லது. 2018 பதிப்பு, கடத்திகள் எந்தத் திசையில் அமைந்துள்ளன என்பதைக் கணக்கில் சேர்த்தது; அதனால் பணியாளரை நோக்கிக் கிடைமட்டமாக நீளும் கடத்திகள் உள்ள பேனல்களில் விடை கூடலாம்.

நடைமுறையில் தவறுவது கணக்கு அல்ல, தகவல்தான். பழுதான ஃபியூஸை வேறு வகையால் மாற்றும் பணியாளருக்கு அது ஒரு வடிவமைப்பு மாற்றமாகத் தோன்றாது. ஆகவே பணி அனுமதிச் சீட்டை முடித்துவைக்கும் இடத்தில், பாதுகாப்புச் சாதனமோ செட்டிங்கோ மின் இணைப்போ மாறியதா என்ற ஒரு கேள்வியைச் சேர்த்து, ஆம் எனில் தகவல் யாருக்குச் செல்ல வேண்டும் என்பதைப் பதவியின் பெயருடன் எழுதிவையுங்கள். பிரேக்கர் பராமரிப்பும் இதே கணக்கின் பகுதியே. உற்பத்தியாளர் தந்த நேரத்துக்குள் அது துண்டிக்கும் என்று நம்பித்தான் கணக்கிடுகிறோம். உயவுப்பசை உலர்ந்து மந்தமாகிவிட்ட பிரேக்கருக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது.

லேபிளில் மின்னழுத்தம், ஆர்க் ஃபிளாஷ் எல்லை, குறிப்பிட்ட பணித் தூரத்தில் படும் ஆற்றல் அல்லது தேவையான பாதுகாப்பு உடையின் தரம் ஆகியவை இருக்க வேண்டும். எல்லை என்பது ஆற்றல் சதுர செ.மீ.க்கு 1.2 கலோரியாகக் குறையும் தூரம். அந்த அளவே தோலில் இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்கப் போதுமானது. கணக்கிட்ட ஆற்றல் மதிப்பையும் அட்டவணையிலிருந்து எடுக்கும் உடை வகை எண்ணையும் ஒரே லேபிளில் சேர்த்து எழுதக் கூடாது, ஏனெனில் அவை இரு வேறு முறைகளின் விடைகள். கணக்கிட்ட தேதியையும் பேனலின் அடையாள எண்ணையும் அச்சிடுங்கள். கழற்றி எடுக்கும் மூடியில் ஒட்டினால், ஒரே அளவுள்ள இரு பேனல்களின் மூடிகள் என்றாவது இடம் மாறிவிடும். அதனால் நிலையான சட்டகத்தில், திறப்பதற்கு முன்பே கண்ணில் படும்படி ஒட்டுங்கள். வெயில், எண்ணெய், கழுவும் நீர் ஆகியவற்றைத் தாங்கும் பொருளாக அது இருக்கட்டும்.

மாற்றம் நடந்து புதிய கணக்கு வரும்வரையான இடைவெளியில், பழைய லேபிளை அப்படியே விட்டுவைக்காதீர்கள். அதை அகற்றி, மதிப்பீடு நிலுவையில் உள்ளது என்ற தற்காலிக அறிவிப்பை ஒட்டி, அந்தப் பேனலை மின்சாரம் இருக்கும்போது திறப்பதற்குத் தடை விதியுங்கள். புதிய லேபிளை ஒட்டும் அன்றே பதிவேட்டில் தேதியையும், வரைபடத்தில் திருத்த எண்ணையும் மாற்றி, பழைய வரைபடத்தின் பிரதிகளைப் பணிமனையிலிருந்தும் மின் அறைகளிலிருந்தும் திரும்பப் பெற்றுவிடுங்கள்.